கேம் ஜாமில் முதல் விளையாட்டு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கேம் ஜாம் ஒன்று நெருங்கினாலே எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வந்து குவியும். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, ஒரே இடத்தில் நிதானமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முதல் முறை கலந்துகொள்பவர்கள் மேலிருந்து படியுங்கள். ஜாமுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் நேராகப் பாதிக்குக் கீழே போகலாம்.

கேம் ஜாம்னா என்னங்க? அது போட்டியா?

குறித்த நேரத்துக்குள் ஒரு சின்ன விளையாட்டை ஒன்றுமில்லாததிலிருந்து செய்து, மற்றவர்கள் விளையாடும்படி வெளியிடுவதுதான் கேம் ஜாம். பெரும்பாலான ஜாம்களில் தொடங்கும் நேரத்தில்தான் தீம் அறிவிப்பார்கள். அதுவரை யாருக்கும் தெரியாது.

2002இல் தொடங்கிய லூடும் டேர் என்ற ஜாமில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. தனி ஆளாக 48 மணி நேரத்தில் எல்லாவற்றையும் நீங்களே செய்வது ஒன்று. டீமாக 72 மணி நேரம் எடுத்துக்கொள்வது இன்னொன்று. 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் பல நாடுகளில் ஆட்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து செய்வார்கள். அது பரிசுக்கான போட்டி அல்ல. ஜேஎஸ்13கே என்று ஒன்று இருக்கிறது: ஒரு மாதம் அவகாசம், ஆனால் மொத்த விளையாட்டும் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். விளையாட்டுகளை வெளியிட உதவும் இட்ச் தளத்தில் இவை தவிர வாரந்தோறும் சின்னச் சின்ன ஜாம்கள் நடக்கும். முதல் முறை என்றால் அப்படி ஒரு சிறிய ஜாமில் சேருங்கள். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் வந்து விழும் பெரிய ஜாமைவிட, ஐம்பது பேர் கலந்துகொள்ளும் ஜாமில் உங்கள் விளையாட்டை உட்கார்ந்து விளையாடிப் பார்க்க ஆள் கிடைக்கும்.

எனக்கு கோடிங்கே தெரியாது. நான் வந்தா இடைஞ்சலா இருக்காதா?

இருக்காது. படம், இசை, லெவல் அமைப்பு, எழுத்து, சோதித்துப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும். பெரும்பாலான டீம்களில் கோடிங் செய்பவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள், சவுண்டுக்கு ஆள் தேடி அலைவார்கள்.

தனியாகச் செய்ய ஆசையென்றால் ஸ்க்ராட்ச், கன்ஸ்ட்ரக்ட் போன்றவற்றில் வரிவரியாகக் கோடு எழுதாமலே விளையாட்டு செய்யலாம். வாசித்துத் தேர்வு செய்யும் கதை விளையாட்டு என்றால் ட்வைன் என்ற கருவி போதும். இரண்டு நாளில் முழுதாக முடித்த ட்வைன் கதை, முடியாமல் கிடக்கும் முப்பரிமாண விளையாட்டைவிட மேலானது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விளையாடுபவர் முடிவு வரை போகக்கூடிய ஒன்றுதான் அவர் மனதில் தங்கும்.

எந்த என்ஜின் நல்லது? கோடோவா, யூனிட்டியா?

என்ஜின் என்பது விளையாட்டை உருவாக்க உதவும் மென்பொருள். உங்களுக்கு ஏற்கெனவே பழகியது எதுவோ அதுதான் நல்லது. ஜாம் தொடங்கிய பிறகு புது என்ஜினைக் கற்கத் தொடங்கினால், உங்கள் 48 மணி நேரத்தில் 30 மணி அதற்கே போய்விடும்.

எதுவுமே பழகவில்லை என்றால் இரண்டு பரிந்துரைகள். கோடோ இலவசம், கட்டற்ற மென்பொருள், இருபரிமாண விளையாட்டுக்கு வசதியானது. இன்னொன்று பிகோ-8. திரை 128க்கு 128 புள்ளிதான், நிறம் 16தான், படம் வரைவதும் ஒலி செய்வதும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதன் நெருக்கமான எல்லைகள் ஆசையை அடக்கி வைக்கும் என்பதால் ஜாமுக்கு நன்றாகப் பொருந்தும். எதை எடுத்தாலும், ஜாமுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சதுரத்தை நகர்த்தி, அதை ப்ரவுசரில் ஓடும் பில்டாக (விளையாடத் தயாரான வடிவமாக) எடுத்து, இட்ச்சில் ஏற்றிப் பாருங்கள். ஏன் என்பது அப்லோட் பற்றிய கேள்வியில் தெரியும்.

தீம் சொன்னதும் மூளை வெறுமையாயிடுது. ஐடியா எப்படி புடிக்கிறது?

முதலில் தோன்றும் ஐடியா எல்லோருக்கும் தோன்றும். தீம் ‘நிழல்’ என்றால் இருட்டு வீடு, டார்ச், பேய். அதைத் தாளில் எழுதிவிட்டு அடுத்ததை யோசியுங்கள். பத்து எழுதும்வரை கணினியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் போதும்.

பெயர்ச்சொல்லிலிருந்து போகாமல் வினைச்சொல்லிலிருந்து போவது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. நிழல் என்ன செய்யும்? விழும், நீளும், தொடரும், மறைக்கும், நகரும். ‘நகரும்’ என்ற சொல்லில் நின்றால் உடனே ஒரு விளையாட்டு எட்டிப் பார்க்கிறது: வெயிலில் நிற்க முடியாத ஒரு ஆள், தலைக்கு மேலே நகரும் மேகம், அதன் நிழலுக்குள்ளேயே அவன் நடந்தாக வேண்டும். விளையாடுபவர் என்ன செய்ய வேண்டும், ஏன் தோற்பார் என்பது இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அப்படி வருவதைத்தான் எடுக்க வேண்டும்.

என் ஐடியா சின்னதுதான்னு நினைக்கிறேன். நிஜமாவே சின்னதான்னு எப்படி தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஜாம்களில் முடியாமல் போகும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் நிற்பதில்லை. அளவு பெரிதாகிப் போனதால் நிற்கின்றன.

மேக விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். உற்சாகத்தில் எழுதினால் பட்டியல் இப்படி நீளும்: 12 லெவல், மூன்று வகை மேகம், இடி, தண்ணீர்க் குடம், பேசும் பாத்திரங்கள், கடைசியில் சூரியனோடு சண்டை. இப்போது ஒவ்வொன்றிலும் கைவைத்து, ‘இதை எடுத்துவிட்டால் விளையாட்டு செத்துவிடுமா?’ என்று கேளுங்கள். குடம் போனால்? சாகாது. சண்டை? சாகாது. மேகம் போனால்? செத்துவிடும். நிற்பது ஒரு ஆள், ஒரு மேகம், வழியை மறிக்கும் சுவர்கள், எட்ட வேண்டிய ஒரு வாசல். அதுதான் உங்கள் விளையாட்டு. மற்றவற்றை வேறொரு தாளில் எழுதி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்து ஒரு பரீட்சை: சாம்பல் சதுரம்தான் ஆள், கறுப்புச் செவ்வகம்தான் நிழல். படம் இல்லை, ஒலி இல்லை. செவ்வகம் நகர்கிறது, சதுரம் வெளியே வந்தால் முதலிலிருந்து. இது மூன்று நான்கு மணி நேரத்தில் ஓடவில்லை என்றால் ஐடியா இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது. ஓடிவிட்டால் உடனே விளையாடிப் பாருங்கள், ஏனென்றால் எழுதும்போது தெரியாத விஷயங்கள் அப்போதுதான் தெரியும். ஆளும் மேகமும் ஒரே வேகத்தில் போனால், சுவரைச் சுற்றி வருவதற்குள் நிழல் போய்விடும், ஒருமுறை பின்தங்கினால் பிடிக்கவே முடியாது. ஆளின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் சுவரைச் சுற்றி ஓடிப் பிடிக்கலாம், ஆனால் வெட்டவெளியில் நின்று காத்திருக்க வேண்டும். அந்த ஓட்டமும் காத்திருப்பும்தான் விளையாட்டு. அதைச் சாம்பல் சதுரமே காட்டிவிடுகிறது.

48 மணி நேரத்தை எப்படி பிரிச்சுக்கணும்? தூங்காம உக்காரணுமா?

தூங்குங்கள். இரண்டு இரவும் தூங்குங்கள். விடிய விடிய விழித்து எழுதிய கோடை மறுநாள் காலையில் சரிசெய்ய ஆகும் நேரம், மிச்சம் பிடித்த நேரத்தைவிட அதிகம்.

மணிக்கணக்கில் அட்டவணை போடுவதைவிட மூன்று எல்லைக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரவு தூங்கப் போகுமுன் சாம்பல் சதுரம் விளையாடும்படி இருக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலைக்குள் ஆரம்பத் திரையிலிருந்து முடிவு வரை ஒருவர் போக முடிய வேண்டும், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கடைசி நான்கு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. இந்த மூன்றாவது எல்லையைத்தான் எல்லோரும் தாண்டுவார்கள். ‘இது ஒண்ணே ஒண்ணு, பத்து நிமிஷ வேலை’ என்ற வாக்கியம் வாயில் வந்தால் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தனியா பண்றதா, டீமா பண்றதா?

முதல் முறைக்கு இரண்டு மூன்று பேர் வசதி. அதற்கு மேல் போனால் பேசுவதற்கே நேரம் போகும். கோடை கிட்டில் (மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேமித்து இணைக்க உதவும் கருவி) வைத்துப் பகிருங்கள், மணிக்கு ஒருமுறை சேமியுங்கள். கோப்பை ஜிப்பாக அனுப்பி ஒட்டிக்கொண்டிருந்தால், ஒருவர் செய்ததன் மேல் இன்னொருவர் எழுதிவிடுவது நிச்சயம். ஒரே காட்சிக் கோப்பை (ஒரு திரையில் உள்ளவற்றை என்ஜின் சேமிக்கும் கோப்பு) இருவர் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவையுங்கள். கிட் இருந்தாலும் அந்தக் கோப்புகளை இணைப்பது தலைவலி.

எனக்கு படம் வரையவே வராது. என்ன பண்ண?

குறைவாக வரையுங்கள். நான்கு நிறம் தேர்ந்தெடுத்து அதற்குள்ளேயே நில்லுங்கள். பின்னணி மங்கலாகவும், ஆள் பளிச்சென்றும், ஆபத்தானது எல்லாம் ஒரே நிறத்திலும் இருந்தால் வட்டமும் சதுரமும்கூட அழகாக நிற்கும். படங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதுதான் கண்ணுக்கு முதலில் தெரியும். ஒரு ஸ்ப்ரைட் (விளையாட்டில் வரும் தனிப் படம்) 16 புள்ளியிலும் இன்னொன்று 200 புள்ளியிலும் இருந்தால் ஒவ்வொன்றும் நன்றாக வரைந்ததாக இருந்தாலும் மொத்தம் கலைந்து தெரியும்.

விதி அனுமதித்தால் ஆயத்தப் படங்களை எடுக்கலாம். கென்னி என்பவர் வெளியிடும் படத்தொகுப்புகள் சிசி0 உரிமத்தில் இருப்பவை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்.

சவுண்ட் அவசியமா? கடைசில பாத்துக்கலாமா?

அவசியம். ஒலி இல்லாத விளையாட்டு உயிரில்லாமல் இருக்கும், அதே விளையாட்டில் நான்கு ஒலி சேர்த்தால் விரல் அழுத்துவதே வேறு மாதிரித் தெரியும். குதிப்பு, மோதல், எடுத்தல், தோல்வி: இந்த நான்கு போதும். எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்னக் கருவியில் பொத்தானை அழுத்த அழுத்தப் புதுப்புது ஒலிகள் வரும். 2007இல் ஒரு லூடும் டேருக்காகவே, கலந்துகொள்பவர்கள் சட்டென்று ஒலி செய்துகொள்ளட்டும் என்று உருவாக்கப்பட்டது அது. ப்ரவுசரிலேயே ஓடும் வடிவங்களும் இப்போது உண்டு. அரை மணி நேர வேலை. இரண்டாம் நாள் மதியமே முடித்துவிடுங்கள்.

பழைய கோடு, நெட்ல எடுத்தது, ஏஐ பண்ணின படம் இதெல்லாம் சேக்கலாமா?

ஜாமுக்கு ஜாம் விதி வேறு, அதனால் விதிப் பக்கத்தை முதல் நாளே முழுதாகப் படியுங்கள். லூடும் டேரின் 48 மணி நேரப் பிரிவில் படமும் ஒலியும் அந்த நேரத்துக்குள் நீங்களே செய்தவையாக இருக்க வேண்டும், மூலக் கோடையும் வெளியிட வேண்டும். 72 மணி நேரப் பிரிவில் பிறர் செய்த படமும் இசையும் சேர்க்கலாம். ஆனால் இசை உங்களுடையது இல்லையென்றால் ஒலிக்கான மதிப்பெண்ணிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

நெட்டில் கிடைப்பதெல்லாம் இலவசம் அல்ல. சிசி பிஒய் உரிமம் என்றால் செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். எடுக்கும்போதே ஒரு கோப்பில் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் எது எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்காது. ஏஐயைச் சில ஜாம்கள் அனுமதிக்கின்றன, சில அடியோடு தடுக்கின்றன. அனுமதி இருந்தாலும் பயன்படுத்தியதை மறைக்காதீர்கள். இன்னொருவர் இரண்டு நாள் கையால் வரைந்த படத்தோடு உங்களுடையது பக்கத்தில் நிற்கப் போகிறது.

கேம் ஓடுது, ஆனா விளையாட என்னமோ மாதிரி இருக்கு. எங்க தப்பு?

பெரும்பாலும் விரல் அழுத்தும் நொடிக்கும் திரையில் நடப்பதற்கும் இடையில்தான் தப்பு. குதிக்கும் விளையாட்டு என்றால் விளிம்பைத் தாண்டிய பிறகும் பத்தில் ஒரு பங்கு விநாடி வரை குதிக்க அனுமதியுங்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே குதி என்று அழுத்தினால் அதை நினைவில் வைத்து, தொட்டதும் குதிக்க விடுங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் விளையாட்டில் இது ஆறு ஃப்ரேம்தான், விளையாடுபவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ‘நான் அழுத்தினேனே!’ என்ற எரிச்சல் காணாமல் போய்விடும்.

இன்னொரு காரணம், நகர்வை ஃப்ரேம் கணக்கில் எழுதுவது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஐந்து புள்ளி நகர் என்று எழுதினால், 144 ஹெர்ட்ஸ் திரையில் (நொடிக்கு 144 முறை படம் மாறும் திரை) அது 60 ஹெர்ட்ஸைவிட 2.4 மடங்கு வேகமாக ஓடக்கூடும். என் விளையாட்டு ஒன்றில் பந்து கண்ணுக்கே படாமல் பறந்தது என்று ஒருவர் எழுதிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. வேகத்தை, முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கி நகர்த்துங்கள்.

விளையாடினவங்க எல்லாம் ரொம்ப கஷ்டம்னு சொல்றாங்க. எனக்கு ஈஸியாதானே இருக்கு?

இரண்டு நாளில் அந்த லெவலை இருநூறு முறை விளையாடியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். உங்களுக்குச் சரியாக இருந்தால் மற்றவர்களுக்குக் கஷ்டம், உங்களுக்குச் சலிப்பாக இருந்தால்தான் மற்றவர்களுக்குச் சரி.

இரண்டாம் நாள் மாலை யாரையாவது உட்காரவைத்து விளையாடச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார், எந்தப் பொத்தானை வீணாக அழுத்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேக விளையாட்டில் முதல் திரையில் சுவரே வைக்காமல் நிழல் மட்டும் நகர்ந்தால், ‘நிழலுக்குள் இரு’ என்று எழுதவே வேண்டாம். ஒருமுறை வெளியே வந்து தோற்றதும் புரிந்துவிடும்.

தமிழ்ல எழுத்து போட்டா கட்டம் கட்டமா வருது, இல்லைனா கொம்பு இடம் மாறி நிக்குது. ஏன்?

இவை இரண்டு வேறு கோளாறுகள். கட்டம் வந்தால் ஃபான்ட்டில் தமிழ் எழுத்து இல்லை என்று பொருள். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தும் ப்ரவுசரில் கட்டம் வரக்கூடும், ஏனென்றால் முன்பு கணினியில் இருந்த ஃபான்ட்டைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற ஃபான்ட் ஒன்றை விளையாட்டோடு சேர்த்துவிடுங்கள்.

கொம்பு இடம் மாறுவது என்ஜினின் குறை. ‘கெ’ என்பதில் ககரம் முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது. யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தானாகச் செய்வதில்லை. அங்கே நேரமில்லை என்றால் தமிழ் வரிகளைப் படமாக மாற்றிச் சேர்த்துவிடலாம். ஆரம்பத் திரை, முடிவுத் திரை, நான்கு வரிக் கதைக்கு அது தாராளம். தமிழில் விளையாட்டு செய்ய ஆசைப்பட்டவர் கொம்புக்குப் பயந்து ஆங்கிலத்துக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது, அப்லோட் பண்ணினா கறுப்பா நிக்குது!

இந்தக் கேள்வி கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வரும். முதலில் ஜிப்பைத் திறந்து பாருங்கள்: இன்டெக்ஸ் எச்டிஎம்எல் கோப்பு நேராக மேலேயே இருக்க வேண்டும், உள்ளே இன்னொரு ஃபோல்டரில் இருக்கக் கூடாது. அடுத்து கோப்புப் பெயர்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, இணைய சர்வர்கள் பார்க்கும். கோடில் சிறிய எழுத்தில் தொடங்கும் பெயரும் ஃபோல்டரில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் இருந்தால், உங்களிடம் ஓடும், அங்கே ஓடாது. ஒருமுறை எங்கள் டீம் ஒரேயொரு ஒலிக் கோப்பின் முதல் எழுத்துக்காக 40 நிமிடம் தேடியது. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பது என்று அன்று எடுத்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை.

கோடோ 4இல் சி ஷார்ப் மொழியில் எழுதியிருந்தால் ப்ரவுசர் பில்டை எதிர்பார்க்காதீர்கள், இதை முதல் நாளே தெரிந்துவைத்திருக்க வேண்டும். படம் வந்து ஒலி மட்டும் வரவில்லை என்றால் அது கோளாறே இல்லை: பயனர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை ப்ரவுசர் ஒலியைத் தடுத்துவைக்கும். ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வைத்தால் தீர்ந்தது.

பாதி நேரம் போச்சு, ஐடியா சரியில்லைனு இப்பதான் தெரியுது. விட்டுடலாமா?

விடாதீர்கள், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். செய்தவற்றில் கையில் நன்றாக இருக்கும் ஒரு துண்டு எது என்று பாருங்கள். மேகம் சரியாக வரவில்லை, ஆனால் ஆள் ஓடுவது நன்றாக இருக்கிறதா? மேகத்தை எடுத்துவிட்டுச் சூரியன் மெல்ல நகர, சுவர்களின் நிழல்கள் சுருங்கிக்கொண்டே போகட்டும். அதே சதுரங்கள்தான், விளையாட்டு வேறு. அளவைப் பற்றிய பதிலில் சொன்ன கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்டு, ஒரே ஒரு திரை மிஞ்சினாலும் அதை வெளியிடுங்கள். ஒரு நிமிட விளையாட்டும் முழு விளையாட்டுதான்.

போட்டு ரெண்டு நாளாச்சு, யாரும் விளையாடவே இல்ல.

மற்றவர்களின் விளையாட்டுகளை நீங்கள் விளையாடுங்கள். லூடும் டேரில் தரவரிசை வரவே குறைந்தது 20 பேரின் மதிப்பெண் வேண்டும், நீங்கள் பிறருக்கு மதிப்பிடுவதற்கேற்ப உங்களுடையது முன்னால் வரும். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் சிரித்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். அப்படி எழுதியவரின் விளையாட்டைத் தேடிப்போய் விளையாடாதவர்கள் குறைவு. தரவிறக்கம் மட்டும் வைத்திருந்தால் ப்ரவுசர் பில்டும் சேருங்கள். முன்பின் தெரியாதவரின் கோப்பை இறக்கி ஓட்டப் பலரும் தயங்குவார்கள்.

இதையே பெரிய கேமா பண்ணலாமா?

பண்ணியிருக்கிறார்கள். பாபா இஸ் யூ 2017இல் நார்டிக் கேம் ஜாமில் பிறந்து 2019இல் முழு விளையாட்டாக வந்தது. செலஸ்ட் முதலில் பிகோ-8இல் நான்கே நாளில் செய்யப்பட்டது, 2018இல் பெரிய வடிவம் வெளியானது. நீங்கள் நகர்ந்தால்தான் நேரம் நகரும் சூப்பர்ஹாட் ஏழு நாள் ஜாமில், 2013இல் முளைத்தது. மூன்றிலும் முதல் நாள் ஐடியா ஒரு வாக்கியத்தில் அடங்கும், மிச்சமெல்லாம் வருடக்கணக்கான உழைப்பு. உங்களுடையதை விளையாடியவர்கள் ‘இன்னும் லெவல் இருக்கா?’ என்று கேட்டால் தொடருங்கள். அப்போது ஜாம் கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு புதிதாக எழுதுவது நல்லது. அவசரத்தில் எழுதிய கோடு இரண்டு மாத வேலையைத் தாங்காது.

டெட்லைன் முடிஞ்சப்புறம் ஒரு பக் கண்டுபிடிச்சேன். சரி பண்ணி ஏத்தலாமா?

விளையாட்டே ஓடாமல் நிறுத்தும் பக் என்றால் பல ஜாம்கள் அனுமதிக்கும், ஆனால் நடத்துபவர்களைக் கேட்டுவிட்டு, என்ன மாற்றினீர்கள் என்று பக்கத்தில் எழுதி ஏற்றுங்கள். புது லெவல், புதுப் படம் எல்லாம் மதிப்பீடு முடிந்த பிறகு. அதுவரை ஜாமுக்குக் கொடுத்த பில்டை அழிக்காமல் தனியே வைத்திருங்கள்.